ஒரு விரலுக்கு ஒரு மைதானம்

எங்கள் மைதானத்தின் வாசலில் இப்போது ஒரு பலகை நிற்கிறது. பச்சை இரும்பு, வெள்ளை எழுத்து. ‘எடி மாலெக் விளையாட்டு மைதானம்’ என்று பெரிதாகவும், ‘இந்த மண்ணை மக்களுக்குத் தந்தவர்’ என்று கீழே சிறிதாகவும் போட்டிருக்கிறது. எடி மாலெக் தன் கடையில் மக்களுக்குத் தந்தது, எனக்குத் தெரிந்து, நுரை அதிகம், பீர் குறைவு. மண்ணையும் அதே அளவில்தான் தந்திருப்பார்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது ஐம்பது வயதுக்கு மேல், இரும்பாலையை மூடிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, யூனியன் ஹாலில் நடந்த மாலை வகுப்பில். கற்றுக்கொண்ட பிறகு படிக்கக் கிடைப்பதெல்லாம் இந்த மாதிரிதான் இருக்கிறது. முன்பு பலகைகளைப் பார்த்தால் மரியாதை வரும். என்னவோ பெரிய விஷயம் எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு போவேன். இப்போது அந்த நிம்மதியும் போய்விட்டது.

அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய பெயர் ஃபெலிக்ஸ் குபாட். என் அக்கா லோட்டியின் கணவர், எனக்கு மச்சான். சிகாகோவின் தென்கிழக்கு மூலையில், ஆலைப் புகைக்கு அடியில், அந்த இடம் அப்போது ஆலை கொட்டிவைத்த கசடு மேடு. உருக்கி எடுத்தது போக மிஞ்சிய கறுப்புக் கட்டி, கண்ணாடி மாதிரி விளிம்பு. செருப்போடு நடந்தாலும் கால் கிழியும். ஃபெலிக்ஸ் மச்சான் ஆலையில் கிரேன் ஓட்டுபவர். ஒரு கோடை முழுக்க வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல், எங்களையும் இழுத்துக்கொண்டு அந்த மேட்டை வாரினார். வாரி, சலித்து, மண் அடித்து, புல் விதை போட்டார். புல் முதலில் வரவில்லை. மறுபடி போட்டார். எடி மாலெக் எதிர்ச் சாரியில் பீர்க்கடை வைத்திருந்தார். கசடு அள்ளுகிறவனுக்குத் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தவன் தெருவைக் கடப்பான். விளையாட்டுக்கு எடி செய்த தொண்டு அவ்வளவுதான். கதவைத் திறந்து வைத்திருந்தார்.

அங்கே நாங்கள் ஆடியது இந்த நகரத்துக்கே உரிய பந்தாட்டம். மற்ற ஊர்க்காரர்கள் சின்னப் பந்தை வைத்துக்கொண்டு கையில் தோல் மெத்தையை மாட்டிக்கொண்டு ஆடுவார்கள். எங்கள் பந்து உரித்த தேங்காயைவிடப் பெரியது. மட்டையால் அடித்து வருகிற அதை வெறுங்கையால் பிடிக்க வேண்டும். எங்கள் அப்பன்மார்கள் வேலையில்லாமல் தெருவில் நின்ற காலத்தில் கையுறை வாங்கக் காசில்லை, அதனால் வந்த வழக்கம். பிறகு காசு வந்தது. அப்போதும் வாங்கவில்லை. அது வீம்பு. ஒரு ஆட்டத்துக்கு ஒரே பந்துதான், நடுவில் மாற்றக் கூடாது. ஆட்டம் தொடங்கும்போது கல். முடியும்போது அடி வாங்கி வாங்கித் தலையணை. விரல் உடைவதெல்லாம் முதல் அரை மணியில்தான். உடைந்த விரலோடு குச்சி ஐஸின் குச்சியை வைத்து, மின்கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு, மறுநாள் ஷிப்டுக்குப் போவோம். டாக்டரிடம் போனவன் எங்கள் பகுதியில் மாப்பிள்ளைக்குக்கூட லாயக்கில்லை.

இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆலை எங்கள் நுரையீரலை எடுத்துக்கொண்டது போதாதென்று, மிச்சமிருந்த விரல்களை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. ஆனாலும் எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது: கோணல் விரல் இருக்கிறவன் நம்மாள். கை குலுக்கினாலே தெரிந்துவிடும். ஃபெலிக்ஸ் மச்சானின் கை இஞ்சிக் கிழங்கு மாதிரி இருக்கும். அவர் செத்தபோது, ஜெபமாலையைப் பிடித்த மாதிரி வைக்க விரல்கள் மடங்கவில்லை. சவப்பெட்டிக்காரன் நூலால் கட்டிவிட்டான்.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் எங்கள் வார்டு கவுன்சிலர், என் அக்காவின் தோளில் கை வைத்தான். எடி மாலெக்கின் மகன், டென்னி. “லோட்டி ஆன்ட்டி, அழாதீங்க. அந்த மைதானத்துக்கு ஃபெலிக்ஸ் அங்கிள் பேரைத்தான் வைப்போம். இது என் வாக்கு” என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னான். அடுத்த மாதம் தேர்தல்.

நான் நம்பவில்லை. மேலே இருக்கிறவன் என் தோளில் கை வைத்தால் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வது என் பழக்கம். அக்கா நம்பினாள். மாதா கோயிலில், கறிக்கடையில், துணி வெளுக்கும் கடையில் எல்லாம் சொன்னாள். பெயர்ப்பலகை திறக்கிற அன்றைக்குப் போட்டுக்கொள்ள நீலத்தில் ஒரு கோட்டு வாங்கி, உறை பிரிக்காமல் மாட்டி வைத்தாள். எழுபத்தெட்டு வயதில் அவள் வாழ்க்கையில் கேட்டது அந்த ஒன்றுதான். பிள்ளை குட்டி இல்லை. அந்தப் பெயர் அவளோடு முடிந்துவிடும். எங்கேயாவது ஒரு இரும்பில் அது நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிற தாளில் ‘எடி மாலெக் மைதானத் திறப்பு விழா’ என்று வந்தது. நான்தான் அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மறுநாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போனாள்.

“வாங்க மிஸஸ் குபாட், உக்காருங்க” என்றான் டென்னி. நாலு பேர் பார்த்தால் ஆன்ட்டி. அறைக்குள் மிஸஸ் குபாட்.

“உக்கார வரல. என் வீட்டுக்காரர் பேரு என்னாச்சு?”

“கமிட்டி முடிவு பண்ணிடுச்சு. எனக்கு அதுல ஒரே ஒரு ஓட்டுதான்.”

“கமிட்டியில யார் யாரு?”

“நானு, என் மச்சினன், அப்புறம் நம்ம ஃபாதர்.”

“ஃபாதர் என்ன சொன்னாரு?”

“அவரு அன்னைக்கு ஊர்ல இல்ல.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“கவலைப்படாதீங்க, அங்கிளை விட்ருவோமா? அவருக்கு ஒரு பெஞ்ச் போடுறோம். சிமென்ட்டு பெஞ்ச். நல்லா உழைக்கும்.”

“அந்த மனுசன் உயிரோட இருந்தப்பவே ஒரு இடத்துல உக்காந்தது கிடையாது. செத்தப்புறம் வந்து உக்காரப் போறாரா?”

டென்னி சிரித்தான். பல் டாக்டர் நன்றாகச் செய்திருந்தார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினான். வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்ததும், “உடம்பைப் பாத்துக்கங்க லோட்டி ஆன்ட்டி” என்றான்.

விழாவுக்கு முந்தின வாரம் பூங்காவின் உள்ளரங்கத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ‘நம் நகரத்தின் விளையாட்டும் பொழுதுபோக்கும்’ என்று பெயர். சுவர் நீளத்துக்குப் படங்கள். மீசை முறுக்கிய சைக்கிள்காரர்கள். பாவாடை தரையைத் தொடப் பந்தடிக்கிற பணக்காரப் பெண்கள். குத்துச்சண்டைக்காரன் ஒருவன், மூக்கு எங்கே என்று தேட வேண்டும். உருட்டுப் பந்துக் கூடம், பனிச்சறுக்கு, பேஸ்பால் அரங்கத்தில் தொப்பிக் கடல். எல்லாப் படத்திலும் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த நகரத்தில் நூற்றைம்பது வருடமாக ஒருத்தனும் வேலைக்கே போகவில்லை, விளையாடிக்கொண்டே இருந்தான் என்று தோன்றும்.

ஏரிக்கரைப் படம் ஒன்று. ‘எல்லோருக்குமான கரை’ என்று கீழே எழுதியிருந்தது. அதே ஏரியில், என் அப்பா இந்த ஊருக்கு வந்த காலத்தில், கறுப்பினப் பையன் ஒருவன் மிதந்துகொண்டே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத் தாண்டி வெள்ளையர் பக்கம் வந்துவிட்டான் என்று கல்லெறிந்தார்கள். மூழ்கிச் செத்தான். அதன் பிறகு ஊர் பற்றி எரிந்தது. என்னோடு உலையடியில் நின்ற ஒரு கறுப்பினத்து ஆள் சொல்லித்தான் எனக்கே தெரியும். படத்துக்குக் கீழே எழுதினவனுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. அவனை மட்டும் சொல்வானேன்? எங்கள் பகுதிக் குளத்திலும் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்று எழுதாத சட்டம் இருந்தது. காவலுக்கு நின்றது எங்கள் ஆட்கள்தான். அவர்களும் படத்தில் சிரிக்கிறார்கள்.

கடைசிச் சுவரில் எங்கள் மைதானம். கசடு மேட்டின் நடுவே எடி மாலெக் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு மண்வாரியோடு நிற்கிறார். பின்னால் நாலைந்து பேர் குனிந்திருக்கிறார்கள். முகம் தெரியவில்லை. ‘எடி மாலெக், உதவியாளர்களுடன்’ என்று எழுதியிருந்தது.

சூயி ஒரோஸ்கோ எங்களோடு வந்திருந்தான். ஃபெலிக்ஸ் மச்சானின் அணியில் பந்தடிப்பதில் முதல் ஆள். மெக்சிகோக்காரன், வாய் மட்டும் எந்த நாட்டுக்கும் அடங்காது. மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு படத்தை முகர்ந்து பார்க்கிற மாதிரி பார்த்தான்.

“யோவ் ஸிக்கி, அந்த மண்வாரியைப் பாருய்யா. கடைக்காரன் ஒட்டுன விலைச் சீட்டு இன்னும் தொங்குது.”

“விடுய்யா” என்றேன்.

“ஏப்ரனைப் பாரு. அவ்வளவு கசடுக்கு நடுவுல சலவை செஞ்ச மாதிரி நிக்கிறான். புண்ணியவான், மண்ணு அவன் மேல ஒட்டவே ஒட்டாது.”

அக்கா குனிந்திருந்தவர்களில் ஒருவன் மேல் விரலை வைத்தாள்.

“இந்த முதுகு யாரோடதுன்னு எனக்குத் தெரியும். அம்பது வருசம் தைலம் தேச்ச முதுகு” என்றாள்.

அங்கே காவலுக்கு நின்ற பெண், “படத்தைத் தொடாதீங்கம்மா” என்றாள்.

ஜூலை மாதச் சனிக்கிழமை. தார் உருகுகிற வெயில். அக்கா நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். “இந்த வெயில்ல எதுக்குக்கா?” என்றேன். “வாங்கினது இதுக்குத்தான்” என்றாள். ஊரே கூடியிருந்தது. கிலோக்கணக்கில் சாஸேஜ் வறுபட்டது. ஓசி பீர் இருக்கிற இடத்தில் எங்கள் ஆட்களுக்குக் கொள்கை எதுவும் கிடையாது. பாதிப் பேர் வாசலில் நின்று “அநியாயம் லோட்டி, ஃபெலிக்ஸ் பேருதான் வந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு, நேராகப் பீப்பாய்க்குப் போனார்கள்.

வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பொருளை இலவசமாகக் கொடுத்தார்கள். பழுப்புத் தோலில் கையுறை. உள்ளங்கையில் ‘எடி மாலெக் மைதானம்’ என்று அச்சு. எங்கள் மைதானத்தில், எங்களுக்கு, கையுறை! மாதா கோயில் திருவிழாவில் வந்தவனுக்கெல்லாம் சிலையை உடைக்கக் கோடாலி கொடுத்த மாதிரி. சூயி அதை வாங்கி அதற்குள் உருளைக்கிழங்கு வறுவலைக் கொட்டிக்கொண்டு தின்றான்.

“எதுக்கும் உதவாதுன்னு சொல்லாதே, சூடு நிக்குது” என்றான்.

டென்னி மேடை ஏறினான். “நான் இதே மண்ணுல புரண்டு வளந்தவன்” என்று ஆரம்பித்தான். கைதட்டினார்கள். “சின்ன வயசுல என் கிளவுஸை எங்கப்பா கடையில, பீர் பீப்பாய்க்கு மேல, ஆணி அடிச்சு மாட்டி வச்சிருப்பேன். பள்ளிக்கூடம் விட்டதும் அதை எடுத்து மாட்டிக்கிட்டு ஓடி வருவேன்...”

கைதட்டல் நின்றுவிட்டது. சாஸேஜ் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போனது பியானோ வகுப்புக்கு என்று அங்கிருந்த கிழவிகள் எல்லாருக்கும் தெரியும்.

“எந்தக் கையில மாட்டுனே? கால்லயா?” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

“விரலைக் காட்டு!” என்றான் இன்னொருவன். அப்புறம் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். “விரலைக் காட்டு! விரலைக் காட்டு!”

டென்னியின் விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி நேராக ஒலிவாங்கியைப் பிடித்திருந்தன. சூயி, பார்த்துக்கொள் என்று தன் கையைத் தூக்கிக் காட்டினான். அவனுக்கு நடுவிரல் மட்டும் மடங்காது, தனியாக நிமிர்ந்து நிற்கும். போலீஸ்காரன் ஒருவன் விரைந்து வந்தான்.

“யோவ் பெருசு, கையை இறக்கு. கவுன்சிலருக்கு இப்படியா காட்டுவே?”

“சார், அது மடங்காது சார். அறுபத்தி நாலாம் வருசத்துலேர்ந்து அப்படித்தான் நிக்குது. உங்க கவுன்சிலரைப் பாத்ததும் நிமிந்ததில்ல.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அக்கா மேடைக்குப் போனாள். வெயிலில் முகம் சிவந்து, நீலக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு. ஒலிவாங்கி அவள் உயரத்துக்கு இல்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

“டென்னி, இறங்கி வாடா. கிளவுஸ் வேண்டாம். ஆட்டக்காரங்க நிக்கிற இடத்துல நில்லு. புதுப் பந்து. சூயி அடிப்பான். ஒரே ஒரு பந்து. வெறுங்கையில பிடிச்சிட்டேன்னா, இந்தப் பலகையைப் பத்தி நான் சாகுற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். விட்டுட்டேன்னா ஃபெலிக்ஸ் பேரு.”

நான் ஓடிப்போய்க் கோட்டின் நுனியைப் பிடித்தேன். “அக்கா, வேண்டாம்.”

“சும்மா இருடா ஸிக்கி. பீர் ஊத்துன கையோட பிள்ளை. பந்து நிக்காது.”

டென்னி கூட்டத்தைப் பார்த்தான். அவன் என்னவாக இருந்தாலும் முட்டாள் இல்லை. இருநூறு ஓட்டு இரைந்துகொண்டிருந்தது. மறுத்தால் செத்தான் என்று அவனுக்குத் தெரியும்.

“விளையாட்டாத்தானே ஆன்ட்டி?”

“விளையாட்டாத்தான். வேற எதுக்கு இங்க வந்திருக்கோம்?”

கோட்டைக் கழற்றி மச்சினனிடம் கொடுத்தான். கழுத்துப்பட்டியைச் சட்டைப்பைக்குள் திணித்தான். பளபளக்கிற காலணியோடு மண்ணில் இறங்கினான். பந்தடித்தவன் ஓடித் தொடுகிற நாலு மூலைகளில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், ஃபெலிக்ஸ் மச்சான் இருபது வருடம் நின்ற அதே இடத்தில் போய் நின்றான். எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தான். கடை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பான்.

சூயி வறுவலைக் கீழே வைத்தான், கையைக் கால்சட்டையில் துடைத்தான், மட்டையை எடுத்தான். எழுபது வயதிலும் அவன் மட்டை பிடிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். பந்து பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது, சுட்ட செங்கல் மாதிரி. நான்தான் வீசினேன்.

அடித்தான். தரையோடு இல்லை, மேலேயும் இல்லை, நெஞ்சு உயரத்தில் நேராக, கோபத்தோடு போயிற்று.

டென்னி இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சோடு அணைத்தான். கும்பிடுகிற மாதிரிதான் இருந்தது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்படியே பின்பக்கமாக விழுந்து உட்கார்ந்தான். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஆனால் கைக்குள் பந்து இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் எனக்குக் கூசுகிறது. கூட்டம் கத்தியது பாருங்கள், ஆலை ஓடிய காலத்தில் சங்கு ஊதினால்கூட அவ்வளவு சத்தம் இல்லை. “பிடிச்சிட்டான்! பிடிச்சிட்டான்!” சற்று முன்பு விரலைக் காட்டச் சொன்ன அதே வாய்கள். ஓடிப்போய் அவனைத் தூக்கினார்கள். மோதிர விரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. அதைப் பார்த்ததும் அவர்களுக்கு ஆனந்தம் தாங்கவில்லை, குழந்தை பிறந்த வீடு மாதிரி ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். எவளோ தன் பிள்ளையின் வாயிலிருந்து குச்சி ஐஸைப் பிடுங்கிக் குச்சியைக் கொடுத்தாள். டேப் எங்கிருந்தோ வந்தது. கட்டுப் போட்டது யார் தெரியுமா? சூயிதான். எத்தனையோ வருடப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

“இப்ப நீ நம்மாளுடா டென்னி!” என்று யாரோ அழுதான். அழுதான் என்றுதான் எழுதுகிறேன். கண்ணீர் வந்தது. ஓசி பீரும் காரணமாக இருக்கலாம்.

டென்னிக்கு வலியில் கண் செருகியது. ஆனாலும் கட்டுப் போட்ட கையை உயரத் தூக்கிக் காட்டினான். அந்த நிமிஷத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது, இதை விலைக்கு வாங்க முடியாது என்று. அவனுக்கு இலவசமாகவே கிடைத்துவிட்டது.

அக்கா கோட்டின் பொத்தான்களை மறுபடி சரிபார்த்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் தண்டவாளத்தைக் கடந்து வீட்டுக்கு நடந்தோம். பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

“அவருக்கு ஏழு விரல் ஒடஞ்சுது. ஒரு பெஞ்சு” என்றாள். கொஞ்ச தூரம் போனபின், “இவனுக்கு ஒரு விரல். ஒரு மைதானம்” என்றாள்.

“வாக்குக் குடுத்திருக்கவே கூடாதுக்கா. நீ பேசிக்கிட்டே இருந்திருக்கணும்.”

“நம்ம ஆளுங்களைத் தெரியும்னு நெனச்சேன். அவனை மட்டும்தான் தெரியலைன்னு நெனச்சேன்” என்றாள்.

டென்னி டாக்டரிடம் போனான். விரலை நேராக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அடுத்த தேர்தல் சுவரொட்டியில் முகத்தைவிட அந்தக் கைதான் பெரிதாக இருந்தது. எதிர்த்து நின்றவள் பள்ளிக்கூட ஆசிரியை, நல்லவள். தெருவில் இருக்கிற ஈயக் குழாய்களை மாற்ற வேண்டும், ஆலை விட்டுப்போன நஞ்சை அள்ள வேண்டும் என்றெல்லாம் பேசினாள். அவளுடைய விரல்கள் நேராக இருந்தன. எங்கள் ஆட்கள் கோணல் விரலுக்குக் குத்திவிட்டு வந்து, அந்தக் குழாய்த் தண்ணீரையே குடிக்கிறார்கள். மூன்று தலைமுறையாக எங்களை இரும்பாலைக்காரன் ஏமாற்றினான், யூனியன் தலைவன் ஏமாற்றினான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். யாரும் அவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. ஒரு குச்சி ஐஸ் குச்சி போதும்.

சூயி ஒருநாள் அக்கா வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான்.

“லோட்டி, நான் இன்னும் பலமா அடிச்சிருக்கணும்.”

“நீ பலமாத்தான் அடிச்சே. நம்ம ஆளுங்கதான் லேசா விழுந்துட்டாங்க. உள்ள வா, சூப்பு ஆறிடும்.”

பெஞ்சும் வந்தது. சிமென்ட்டுதான். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஃபெலிக்ஸ் மச்சானின் பெயர் தபால் தலை அளவில் ஒரு தகட்டில். கடல்காக்கைகள் சாஸேஜ் ரொட்டியை அதில் வைத்துத்தான் கிழிக்கின்றன. அக்கா ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. சனிக்கிழமைகளில் மைதானத்துக்குப் போவாள், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று ஆட்டம் பார்ப்பாள். பலகையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் வாயை இறுக்கிக்கொள்வாள். டென்னி அவளைக் கண்டால் கோணல் விரலைத் தூக்கி ஆட்டுவான். அவள் தலையசைப்பாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற கடைசி ஆள் எங்கள் பகுதியில் அவள்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அன்றைக்குப் பந்தயம் கட்டியது அவள். நான் கட்டவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். எழுதி முடிக்க இரண்டு குளிர்காலம் ஆயிற்று. உலையடியில் நிற்பதைவிடக் கஷ்டமான வேலை, கூலியும் கிடையாது.

முடித்ததும் அவள் சமையலறையில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். பீட்ரூட் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கை சிவந்திருந்தது. முதுகு என்கிற இடம் வந்தபோது கத்தி நின்றது, பிறகு மறுபடி ஓடியது.

“அவன் பந்தைப் பிடிச்சதை எழுதியிருக்கியா?”

“இப்பத்தானே படிச்சேன்.”

“சரி. அதை மறைக்காதே. பிடிச்சான்.” பீட்ரூட்டைச் சட்டிக்குள் தள்ளினாள். “ஆனா கண்ணை மூடிக்கிட்டுப் பிடிச்சான். அதையும் எழுது.”